மடிப்புப் புத்தகம்

அந்தச் சலவைக் கடையில் மடித்த சட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். குண்டானவர் சட்டையையும் ஒல்லியானவர் சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் செங்கல் அடுக்கினாற்போல் நிற்கும். அதற்குக் காரணம் ஒரு புத்தகம். பாய்லர் வாங்கியபோது கூடவே வந்தது அது. கெட்டி அட்டை, அதன்மேல் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் உறை. கடைக்காரர் பெட்டியிலிருந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த சட்டையின் முதுகில் வைத்தார். இரண்டு கைகளையும் உள்ளே மடித்து, கீழ்ப்பாதியை மேலே தூக்கி, புத்தகத்தை மெல்ல உருவினார். சட்டை அச்சில் வார்த்ததுபோல் கிடந்தது.

"இதுக்குத்தான் குடுத்திருக்காங்க," என்றார்.

அன்றிலிருந்து அதன் பெயர் மடிப்புப் புத்தகம். ஊரில் பாதிப்பேரின் சட்டை அதன்மேல் மடிந்திருக்கிறது. உறையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. பிரித்தால் துணி வழுக்காது.

கடைக்காரர் இறந்துபோய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து திரும்பவில்லை. இப்போது கடையை அவருடைய மனைவியும் தம்பியும் நடத்தினார்கள். தம்பிக்கு அவள் அண்ணி. அவன் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுக் கடையில் இருந்த மற்றவர்களுக்கும், சில வாடிக்கையாளர்களுக்கும்கூட அவள் அண்ணிதான். இஸ்திரி போடும் பெண்ணை எல்லோரும் ரேடியோ என்பார்கள். காலையில் பெட்டியைச் சூடாக்கும்போது ஆரம்பிக்கும் பேச்சு, சாயங்காலம் பெட்டியை நிறுத்தும்போதுதான் நிற்கும். அவளுக்கே அந்தப் பெயரில் வருத்தம் இல்லை. "ஸ்டேஷன் நல்லா கிடைக்குதா?" என்று அவளே கேட்பாள்.

கடைக்குப் பின்னால் நீளமான ஓர் அறை. ஒரு சுவரையொட்டித் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ச் சுவரையொட்டி இஸ்திரி மேசைகள். மூலையில் பாய்லர். ஓர் ஆளைவிடக் கொஞ்சம் உயரமான இரும்புப் பீப்பாய். அதில் கொதித்து எழும் நீராவி குழாய்கள் வழியாக இஸ்திரிப் பெட்டிகளுக்குப் போகும். பீப்பாயின் மேல் ஒரு கேஜ். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அதன் முள் காட்டும். பச்சைக் கோட்டுக்குள் நின்றால் சரி, சிவப்பைத் தொட்டால் வெடிக்கும் ஆபத்து. கேஜுக்குப் பக்கத்தில் குட்டையான பித்தளை வால்வு ஒன்று. அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுவது அதன் வேலை. ஆனால் அந்த வால்வின் வாய் அடைபட்டிருந்தது. அதன் தலைமேல் உடைந்த ஹேங்கர் கட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. அதை நீலக் கோடு போட்ட பழைய சட்டைத் துணியொன்று கீழ்க்குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது.

கட்டியவர் கடைக்காரர்தான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அந்த வால்வு சீறிச் சீறி, தேய்த்து வைத்த வெள்ளை விரிப்புகள்மேல் துரு கலந்த தண்ணீரைத் தெளித்தது. அவர் தன் பழைய சட்டையைக் கிழித்து, ஸ்டூல்மேல் ஏறி, "கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இரும்மா," என்று சொல்லிக்கொண்டே கட்டினார். ரேடியோவைப் பார்த்து, "உன்னத்தான் முதல்ல கட்டணும்னு நெனச்சேன், துணி பத்தல," என்றார். மெக்கானிக் வரும்வரைக்கும்தான், இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் என்றும் சொன்னார். மெக்கானிக் வரவில்லை. அதற்குள் அவரே போய்விட்டார்.

அவர் போடும் முடிச்சு பேர்போனது. துணி மூட்டையை அவர் கட்டிக் கொடுத்தால், அதை அவிழ்க்க அவரையே வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த மூட்டைகள் எல்லாம் வீடுகளுக்குப் போய், அறுபட்டோ அவிழ்ந்தோ முடிந்துவிட்டன. மிச்சமிருந்தது வால்வுமேல் இருந்த ஒன்றுதான். காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும் அண்ணியின் கண் அங்கேதான் போகும். இறுக்கமாக, கொஞ்சம் கோணலாக, அவர் இப்போதுதான் கட்டிவிட்டுக் கை கழுவப் போனதுபோல் அது இருக்கும்.

அண்ணி நிறையப் படிப்பவள். இரவல் நூலகத்தில் அவளுக்குப் பிடித்த அலமாரியை முழுக்க முடித்தவள். அவர் போனபிறகு அவளால் எதையும் படிக்க முடியவில்லை. கதைகளில் யாராவது செத்தார்கள். யாரும் சாகாத கதைகள் அதைவிட மோசம். அவற்றில் கிழவனும் கிழவியும் கடைசிப் பக்கம் வரைக்கும் கைகோத்து நடந்தார்கள். செய்தித்தாளைப் பிரித்தால் அஞ்சலிப் பக்கம். பாதியில் மூடி வைத்த புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தன.

அப்படி ஒரு பிற்பகல் சட்டை மடித்துக்கொண்டிருந்தபோது, மடிப்புப் புத்தகத்தின் உறை ஓரத்தில் கிழிந்து, புத்தகம் நழுவித் தரையில் விரிந்து விழுந்தது. பல மொழிகளில் அச்சிட்டிருந்தார்கள். பின்பக்கங்களில் தனக்குத் தெரிந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அண்ணி அதை எடுத்தாள். முதல் வரி இப்படி இருந்தது: மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு.

அவள் அந்த வரியிலேயே நின்றாள். கடைக்கு வருகிறவர்கள் அவளிடம், "முதலாளி இல்லையா?" என்பார்கள். அவள் உள்ளே திரும்பிக் கொழுந்தனைக் கூப்பிடுவாள். கொழுந்தன் நல்லவன்தான். தான்தான் முதலாளி என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அண்ணனின் நாற்காலியில் அவன் உட்கார்ந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவள் உட்பட. இப்போது முன்பின் தெரியாத யாரோ அவளை உரிமையாளர் என்று அழைத்து, மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் அதைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் கொண்டுவர மறந்தும் போனாள். கடையில் சட்டைகள் ஆளுக்கொரு அளவில் மடிந்து கோணிக்கொண்டு நின்றன. கொழுந்தன் மேசைக்கு மேலும் கீழும் தேடினான்.

"தேடாதீங்க," என்றாள் ரேடியோ. "அண்ணி பரீட்சைக்குப் படிக்கிறாங்க."

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பகலில் புத்தகம் சட்டைக்கு, சாயங்காலத்துக்குமேல் அண்ணிக்கு.

அந்தப் புத்தகம் அவளுக்கு ஒத்துப்போனது. வாக்கியங்கள் இரும்பாலேயே செய்தவைபோல் இருந்தன. அழ வைக்கிற வேலை எதையும் அது செய்யவில்லை. ஆனால் அதிலும் ஓர் ஆள் இருந்தான். படங்களில் வருகிற, முகமில்லாத கறுப்பு மனிதன். ஒரு பக்கத்தில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டு விறைத்து நின்றான். இன்னொரு பக்கத்தில் சூடான மூடியைத் திறந்து பின்னால் சாய்ந்தான். அவனுக்கு ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை. இவ்வளவு நல்ல புத்தகத்துக்குள்ளேயே குடியிருந்துகொண்டு ஒரு பக்கமும் படிக்காத மனுஷன் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு, தனியாக இருக்கும்போது வந்த சிரிப்பு. அது அடங்கியதும் வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

வால்வைப் பற்றிய பக்கத்தை அவள் தள்ளிக்கொண்டே போனாள். அதில் என்ன இருக்கும் என்று அவளுக்கு ஓரளவு தெரியும். கடைசியில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து படித்தாள்.

வால்வு திறந்தால் பாய்லரை அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும் என்று இருந்தது. வால்வை எதைக்கொண்டும் கட்டவோ அடைக்கவோ கூடாது. இது அவள் எதிர்பார்த்ததுதான். அடுத்த பத்தியை அவள் எதிர்பார்க்கவில்லை. கேஜும், சூட்டைத் தானாக நிறுத்தும் சுவிட்சும் ஒரே வளைந்த குழாயிலிருந்து அழுத்தத்தை அறிகின்றன. தண்ணீரின் உப்பு படிந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் இரண்டுமே உண்மையைச் சொல்லாது. பாய்லர் ஓடும்போது முள் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்க வேண்டும். முள் ஏறியதும், சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைய வேண்டும், இறங்கியதும் எரிய வேண்டும். முள் ஒரே இடத்தில் நின்றால் அதை நல்ல அறிகுறி என்று உரிமையாளர் எண்ணிவிடக் கூடாது.

அண்ணி புத்தகத்தை மூடினாள். கடையில் கொழுந்தன் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயமே அந்த முள்தான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வேலை மும்முரமாக இருந்தது. புதிதாகத் திறந்த ஹோட்டல் ஒன்று தன் படுக்கை விரிப்புகளை எல்லாம் இவர்களிடம் கொடுத்திருந்தது. மேசையில், கூடையில், நாற்காலியில்கூட வெள்ளை மலைகள். அண்ணி பாய்லர் முன் போய் நின்றாள். விளக்கு எரிந்தது. முள் பச்சைக்கு நடுவில் நின்றது. காலையிலிருந்து பார்த்தாள், வேலைக்கு நடுவே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். விளக்கு அணையவில்லை. முள் அசையவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. அவள் கணவர் இருந்தவரைக்கும் அந்த நேரத்தில் பாய்லரை அணைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். ஹோட்டல் வேலை வந்தபிறகு கொழுந்தன் அதை விட்டுவிட்டான். மறுபடி சூடேற நேரம் வீணாகிறது என்பது அவன் கணக்கு. இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் நின்றன. நீராவியை வாங்கிக்கொள்ள இனி யாரும் இல்லை. ரேடியோ வழக்கம்போல் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்காரப் போனாள். முதுகுக்கு இதமாக இருக்கும் என்பாள்.

"அங்க உக்காராத," என்றாள் அண்ணி. பிறகு கொழுந்தனிடம், "தம்பி, பாய்லரை அணைச்சிடுங்க," என்றாள்.

அவன் ஏன் என்று கேட்டான். அவள் படித்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு கேஜின் கண்ணாடியைக் காட்டினான்.

"அண்ணன் இருந்தப்பகூட இது ஆடிக்கிட்டே இருக்கும். இப்ப பாருங்க, சொன்ன பேச்சு கேக்குது."

"ஆடணும் தம்பி. ஆடலன்னாதான் கோளாறு."

"அட ஆமா," என்றாள் ரேடியோ, டிபன் பாக்ஸைப் பிடித்தபடி. "அந்த டிக் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. வெளக்கு அணையறப்ப டிக்குன்னு ஒண்ணு கேக்கும். நான் ஏதாச்சும் முக்கியமா சொல்றப்பதான் குறுக்க வரும். இப்பல்லாம் என்னைய யாரும் நிறுத்தறதே இல்ல."

கொழுந்தனுக்கு முகம் இறுகியது. சாயங்காலம் ஹோட்டல் வண்டி வரும், விரிப்பு கொடுக்காவிட்டால் அவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள் என்றான். இத்தனை வருஷம் அண்ணன் எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு இதை ஓட்டினார் என்று கேட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவர் கையால கட்டினது அது. அதைத் தப்புன்னு நீங்களே சொல்றீங்களே அண்ணி."

அண்ணியின் பார்வை அந்த முடிச்சுக்குப் போய்த் திரும்பியது. கொழுந்தனும் சொன்னபிறகு நொந்துபோனான்போல. சண்டையை முடித்துவிடுகிற வேகத்தில் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தான்.

"சரி. கட்டினதுதானே பிரச்சனை? அறுத்துட்டாப் போச்சு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். வால்வுக்கு நேராக அவன் முகம் இருந்தது. அண்ணிக்கு முதலில் தோன்றியது முடிச்சைப் பற்றித்தான்: போகப்போகிறது. அடுத்த கணம் அந்தப் பக்கத்தின் கடைசிப் படம் நினைவுக்கு வந்தது. முகமில்லாத மனிதன் சூடான பாய்லரின் வால்வில் கைவைத்திருந்தான். நீராவி ஒரு வெள்ளைக் கோடாக அவன் தலையைத் தொட்டது. அவனுக்கு ஏன் முகம் வரையவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கைய எடுடா."

அவள் அவனிடம் ஒருமையில் பேசியதே இல்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அவன் 'தம்பி', 'நீங்கள்'தான். கொழுந்தன் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றான்.

"எறங்கு. சூடா இருக்கறப்ப அத தொடக் கூடாது. எறங்கி வெளிய போ."

அவன் இறங்கினான். அண்ணி சுவரோரமாகப் போய், இதுவரை அவள் தொட்டறியாத மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். அறையில் இருந்த எல்லாச் சத்தமும் நின்றது. பீப்பாய்க்குள் மட்டும் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுத் தானும் வந்து, இடைக்கதவைச் சாத்தினாள்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அது தானாக ஆற வேண்டும் என்று புத்தகம் சொன்னது. ரேடியோ தெருவோரம் நின்று சாப்பிட்டாள். கொழுந்தன் நாற்காலியில் உட்காரவில்லை; கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றித் தெருவைப் பார்த்தபடி இருந்தான். கோபமா வெட்கமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அண்ணிக்கும் தான் செய்தது சரியா என்று நிச்சயம் இல்லை. ஒருவேளை குழாய் நன்றாக இருக்கலாம். ஒரு பழைய புத்தகத்தை நம்பி, கிடைத்த வேலையைக் கெடுத்த பைத்தியக்காரி என்று நாளைக்குப் பேர் வரலாம்.

ஹோட்டல் வண்டி வந்தது. விரிப்பு இன்றைக்கு இல்லை என்று அண்ணி சொன்னாள். ஓட்டுநர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "முதலாளிகிட்ட பேசணுமே," என்றான்.

கொழுந்தன் தலையைத் தூக்கினான்.

"நான்தான்," என்றாள் அண்ணி. "என்கிட்ட சொல்லுங்க."

வெளிச்சம் சாய்ந்தபோது மூவரும் உள்ளே போனார்கள். குழாய்கள் ஆறியிருந்தன. அறையில் ஈரத்துணியின் வாசனை மட்டும் இருந்தது. கொழுந்தன் பீப்பாயில் முதலில் விரல் நுனியை வைத்தான். பிறகு உள்ளங்கையை வைத்தான். கையை எடுக்காமலே கேஜை அண்ணாந்து பார்த்தான்.

முள் பச்சைக்கு நடுவில் நின்றது. கொதித்தபோது நின்ற அதே இடம்.

அவன் கண்ணாடியை நகத்தால் தட்டினான். இன்னொரு தடவை தட்டினான். முள் அசையவில்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"தினமும் இத எரியவிட்டுட்டு சாப்பிடப் போனேன் அண்ணி."

ரேடியோ தான் சாய்ந்து உட்காரும் சுவரைப் பார்த்தாள். அவள் சொல்ல ஏதோ இருந்தது என்று வாய் அசைந்ததில் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் மெக்கானிக் வருவதற்கு முன்பே அண்ணி வந்து கடையைத் திறந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். முடிச்சை முதலில் விரலால் நெம்பிப் பார்த்தாள். வழக்கம்போல் அது அசைந்து கொடுக்கவில்லை. நீராவியில் வெந்து துணி பழுப்பேறியிருந்தது. நீலக் கோடுகள் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன. அவள் அவரோடு மனதுக்குள் கொஞ்சம் சண்டை போட்டாள். மற்றவர்கள் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்க்காமல் ஒரு துணியையும் தண்ணீரில் போடாத மனிதர். பேனா, சாவி, கசங்கிய சீட்டு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. இந்த ஓர் உறையைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. படித்திருந்தால் கட்டியிருக்க மாட்டார். அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். மூச்சு வாங்க ஆரம்பித்தபோதும் இதே சொல்லைத்தான் சொன்னார், இன்னைக்கு ஒரு நாள் பாக்கலாம் என்று. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. முடிச்சுக்குப் பின்புறம், குழாயைச் சுற்றியிருந்த இடத்தில் துணியை வெட்டினாள். ஹேங்கர் கட்டை கீழே விழுந்தது. முடிச்சு முழுசாக அவள் கையில் இருந்தது.

மெக்கானிக் வளைந்த குழாயைக் கழற்றித் தரையில் தட்டினார். சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. பாதி உதிராமல் உள்ளேயே இறுகிக் கிடந்தது. வால்வில் ஒரு குறையும் இல்லை என்றார். குழாய் பாதி அடைத்தபோதே அது சத்தம் போட ஆரம்பித்திருக்கும், நீங்கள் கவனித்திருப்பீர்களே என்று கேட்டார். கவனித்தோம் என்று அண்ணி சொன்னாள்.

புதுக் குழாய் போட்டு, கேஜையும் சுவிட்சையும் மாற்றினார். ஹோட்டல் விரிப்புகளில் பாதியை வேறு கடை வாங்கிக்கொண்டு போயிருந்தது. மீதியை வைத்துக்கொண்டு பாய்லரை மறுபடி சூடேற்றினார்கள். மூன்று பேரும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். முள் மெல்ல எழுந்து பச்சைக்குள் நுழைந்தது. ரேடியோ தன் மைத்துனி வீட்டுக் குழாய்ச் சண்டையைப் பாதி சொல்லியிருந்தபோது டிக் என்றது. விளக்கு அணைந்தது. அவள் நின்று, பாய்லரை முறைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

சட்டை மடிக்க அண்ணி ஓர் அட்டையை அதே அளவில் வெட்டி, பழைய உறைக்குள் போட்டுக் கொடுத்தாள். புத்தகத்தைப் பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டலாம் என்று கொழுந்தனே சொன்னான். அதன் மூலையில் துளையிட்டு, கயிறு கோத்து, ஆணியில் கட்டினான். அண்ணனைப்போலவே முடிச்சுப் போடப் பார்த்தான். இறுக்கி, சுற்றி, உள்ளே விட்டு, மறுபடி இறுக்கினான்.

"அப்படி வேணாம் தம்பி," என்றாள் அண்ணி. "அவுக்கற மாதிரி கட்டுங்க. எடுத்துப் படிக்கணும்ல."

அவன் முடிச்சை விட்டுவிட்டு, ஷூக் கயிறுபோல ஒரு சுருக்குப் போட்டான். ஒரு முனையை இழுத்துப் பார்த்தான். புத்தகம் அவன் கையில் வந்தது.